சாக்பீஸ் தூசு

"இதை எழுதினது யாரு? தைரியம் இருந்தா எழுந்து நில்லு!"

வகுப்பில் மொத்தம் ஏழு பேர். ஒருவரும் அசையவில்லை. இசை ஆசிரியர் அந்தத் தாளை உயர்த்திக் காட்டினார்.

பருவ முடிவில் மாணவர்கள் பெயர் போடாமல் எழுதி, கல்லூரி நூலக வாசலில் இருக்கும் பெட்டியில் போடும் கருத்துத்தாள் அது. மூன்று வருடமாக அப்படி வரும் தாள்களில் ஒவ்வொரு முறையும் ஒன்று மட்டும் அவரைக் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தது.

இந்த முறை வந்ததை உரக்கவே படித்துக் காட்டினார்: 'முன்பெல்லாம் கடற்கரை ஹோட்டல் மேடையில் இவர் கண்ணை மூடிக்கொண்டு டிரம்பெட்டில் ஜாஸ் வாசித்தால், சாப்பிட வந்தவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார்கள். இப்போது இவர் ஊதுவது கரும்பலகையில் இருக்கும் சாக்பீஸ் தூசைத்தான்.'

கடைசி வரிசையில் எப்போதும் உம்மென்று உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மேல்தான் அவருக்குச் சந்தேகம். "நீதானே?"

"நான் இல்ல சார்." அவள் எழுந்தாள். "நீங்க வாசிச்சு நாங்க யாருமே கேட்டதில்லையே. எல்லாத்தையும் போர்டுலதானே எழுதிப் போடுவீங்க."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவருக்குச் சுருக்கென்றது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியேறினார்.

நிலையான வேலை ஒன்று இருந்தால் நிம்மதியாக டிரம்பெட் வாசிக்கலாம், ரெண்டே ரெண்டு வருடம் பாடம் நடத்தலாம் என்று வந்தவர். பதினாலு வருடம் ஓடிவிட்டது. டைம்டேபிள், தேர்வுத்தாள், ஆசிரியர் கூட்டம்... டிரம்பெட் அலமாரிக்கு மேலே போய்விட்டது. அந்த ஹோட்டலில் வாசிக்கும் பழைய குழுவை நடத்தும் நண்பர் இன்னமும் கூப்பிடுவார். இவர் "அடுத்த மாசம் பாப்போம்" என்பார். ஊதுவதற்கு உதடு பழைய உதடாக இருக்குமா என்ற பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தும் பொருமல் அடங்கவில்லை. அதே கல்லூரியில் நூலகராக இருக்கும் மனைவி, அவருக்கு முன்பே வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துப் பொறந்த பசங்க! என்னைப் பத்தி என்ன தெரியும் இதுங்களுக்கு?"

"எழுதினது பொய்யா?"

"பொய்யா மெய்யாங்கறதா இப்பப் பேச்சு? எவ்வளவு திமிர் இருந்தா..."

"அப்ப வாசிச்சுக் காட்டுங்க. வாயடைச்சுப் போகட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் திறந்தால், டிரம்பெட்டின் பொத்தான்கள் இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டுத் தளர்த்தி ஊதினார். முதலில் வெறும் காற்று. அடுத்து எருமை கத்தியது போல ஒரு சத்தம். முகம் சிவந்ததே தவிர, விடவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பழைய மெட்டு ஒன்று உடைந்து உடைந்து எழுந்து, கடைசியில் உடையாமல் நின்றது. மனைவி மடித்த சட்டையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சூட்டோடு போனை எடுத்து நண்பரை அழைத்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் நான் வர்றேன்... ஆமாப்பா, நிஜமாத்தான்! என் கிளாஸ் பசங்க ஏழு பேருக்கும் முன்வரிசையில இடம் போட்டு வை. எழுதினது யாரோ, வந்து காதால கேக்கட்டும்!"

போனை வைத்தார். மனைவியிடமிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

"அப்பாடா! மூணு வருஷமா இடது கையால எழுதி எழுதி என் விரலே வலிச்சுப்போச்சு."