ஏழாம் நம்பர்

மினியாபொலிஸில் ‘மனிதனின் நாளை’ கருத்தரங்கு. பேராசிரியர் ஹால்வர்சன் முழங்கிக்கொண்டிருந்தார்.

“மனுஷ சுபாவம் மாறவே மாறாது! நாலு வயசுப் பிள்ளைங்க முன்னால பிஸ்கட்டை வெச்சு, பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னோம். ஏழாம் நம்பர் பொண்ணு உடனே தின்னுட்டா. அதெல்லாம் எங்க உருப்பட்டிருக்கப்போகுது!”

அரங்கம் சிரித்தது. தலைமை வகித்த நீதிபதி ரெனாட்டா, நேரம் முடிந்ததென்று மணியடித்தார்.

“பொறுங்க ஜட்ஜம்மா, இன்னும் ரெண்டே நிமிஷம்!”

“எனக்குத்தான் பொறுக்கத் தெரியாதே, புரொபசர்.”

கைப்பையிலிருந்து எடுத்து ரெனாட்டா மேசையில் வைத்த பழைய அட்டை வில்லையில், பேராசிரியரின் கையெழுத்திலேயே ‘7’ என்றிருந்தது.

பேராசிரியர் குனிந்து அதைப் பார்த்தார்.

“நாப்பது வருஷமா என்னைப் பத்திப் பேசுறீங்களே, அன்னைக்கு ‘காலைல சாப்டியா’ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

மறுபடியும் மணியடித்தார்.