சந்திரவதனா மாற்றின வழக்கு

"வழக்கைப் பெரிய கோர்ட்டிலயிருந்து சின்னக் கோர்ட்டுக்கு மாத்தக் கேட்டிருக்கிறா உவ. நல்ல பிளான்தான்," என்றார் இரத்தினவேல்.

யோகராணி கேட்டாள்: "ஏனாம்?"

"வேறென்ன? பெரிய கோர்ட் எண்டால் வருஷக்கணக்கா இழுபடும். சின்னக் கோர்ட்டில கெதியா முடிச்சுப்போட்டு எங்கட வீட்டில கை வைக்கலாம்."

'உவ' என்றது பக்கத்து வீட்டுச் சந்திரவதனாவை. போன தைப்பொங்கலன்று கரும்பும் கையுமாக வந்தவள், யோகராணியின் வாசற்படியில் சறுக்கி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாள். வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை அவளுக்கு. அந்த வேலையும் போனது. வழக்குப் போட்டுவிட்டாள்.

இரத்தினவேலும் யோகராணியும் புருஷனும் பெண்சாதியுமாக மாறி மாறி ஷிஃப்ட் அடித்து ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் வாங்கின வீடு. வீட்டு இன்சூரன்ஸை அந்த வருஷம் பார்த்துத்தான் கட்டாமல் விட்டிருந்தார் மனுஷன். வீடு போனால் இந்த வயதில் எங்கே போய் நிற்கிறது?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று யோகராணியின் நெஞ்சுக்குள் கிடந்தது.

பொங்கலன்று விடிய மைனஸ் பதினெட்டுக் குளிர். வாசல் தெளிக்காமல் எப்படிப் பொங்குகிறது என்று வாளியோடு மஞ்சள் தண்ணீரைக் கொண்டுபோய்ப் படியில் தெளித்தவள் அவள்தான். தெளித்த கையோடு அது உறைந்துபோனது. ஸ்காபரோவில் முப்பது வருஷம் பனி பார்த்த மனுஷி செய்கிற வேலையா அது?

கோர்ட்டுக்குக் கொடுத்த பதிலில், "நாங்கள் தண்ணி ஒண்டும் ஊத்தேல்ல, அது கூரையால விழுந்த ஸ்னோ" என்று எழுத வைத்தவர் இரத்தினவேல். கையெழுத்து வைத்தவள் யோகராணி.

"மாத்தச் சம்மதியுங்கோ, உங்களுக்கும் செலவு குறையும்," என்றார் அவர்களுடைய லோயர். சம்மதித்தார்கள். சின்னக் கோர்ட்டில் லோயர் இல்லாமலே கதைக்கலாம் என்று தெரிந்ததும் இரத்தினவேல் முதல் வேலையாக அந்த லோயரையே நிற்பாட்டினார்.

"இனி நீர்தான் கதைக்கோணும். தண்ணி எண்ட சொல்லே வாயில வரப்படாது," என்றார்.

அன்றையிலிருந்து யோகராணிக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கு விசாரணைக்கு முதல் சமாதானம் பேசுகிற கூட்டம் ஒன்று, சூம் வீடியோவில். குசினிக்குள் சாப்பாட்டு மேசையில் லப்டொப். கமராவில் படாமல் ஒதுங்கி நின்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தார் இரத்தினவேல்.

மொழிபெயர்ப்பாளர் மூலம் நீதிபதி கேட்டார்: "சந்திரவதனா, நீங்கள் கேட்டது எண்பதாயிரம் டொலர். இங்கே ஐம்பதாயிரத்துக்கு மேலே தர முடியாது. மிச்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் வந்திருக்கிறீர்கள், விளங்குகிறதா?"

"ஓம், விளங்குது."

"அப்ப நீங்கள் இரண்டு பேரும் உங்கள் மொழியிலேயே கொஞ்சம் பேசிப் பாருங்கள்," என்று தனியே விட்டுவிட்டுப் போனார் நீதிபதி.

திரையில் இரண்டு முகம். யோகராணி லப்டொப்புக்குக் கிட்டக் குனிந்தாள்.

"சந்திரா... எங்கட வீட்டில கை வைச்சிடாதையும்."

"வீடு ஆருக்கக்கா வேணும்? நான் வேலைக்குப் போகாத காலத்துக்கு ஏதும் தந்தால் காணும். மாதம் மாதமாத் தாங்கோ."

"அப்ப ஏன் கோர்ட்டை மாத்தினனீர்? முப்பதாயிரம் சும்மா போச்சே."

சந்திரவதனா குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கள் கோர்ட்டுக்குக் குடுத்த பதிலை வாசிச்சனான். பெரிய கோர்ட்டில விசாரணைக்கு முதலே உங்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக் கேள்வி கேப்பினமாம் அக்கா. இஞ்ச அது இல்லை. இண்டைக்கே கதைச்சு முடிச்சமெண்டால் சத்தியம் எண்ட கதையே வராது."

விரலை ஆட்டிக்கொண்டிருந்த இரத்தினவேல் கையைக் கீழே போட்டார்.

"அண்டைக்கு விழுந்து எழும்பேக்க என்ர ஜாக்கெட் முழுக்க மஞ்சள். இன்னும் தோய்க்காமல் அலுமாரிக்குள்ள கிடக்கு. லோயருக்குக்கூட நான் காட்டேல்ல. உங்களைப் பொய்ச்சத்தியம் பண்ண வைச்சு என்ர கை நிமிரப்போகுதே அக்கா?"