சந்தையில் சொன்ன பொய்

பலமனேர் சந்தைக்கு மாட்டை விற்கப் போன சபை மூப்பர் ஜீவரத்தினம், மாட்டோடேயே திரும்பினார். அவருக்கு முன்னால் செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. மனைவி கிருபாபாய் வாசலிலேயே மறித்தாள்.

"உதைக்கிற மாட்டைப் போயி, பத்து லிட்டர் கறக்கும், பச்சப்புள்ள மாதிரி நிக்கும்னு கூவினீங்களாமே? பக்கத்து வீட்டு அம்சவேணி கேட்டுக்கினு வந்து சிரிக்கிறா. ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வேதம் வாசிப்பீங்க?"

"மொதல்ல உண்மையத்தான் சொன்னேன் கிருபா. உதைக்கும், பாலும் கம்மின்னேன்."

"அப்புறம்?"

"வாங்க வந்தது, கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு. 'விக்க மனசில்லாமத்தான் குத்தம் சொல்ற, அப்ப இது நல்ல மாடு'ன்னு, கேட்ட வெலைக்கு மேல காது கம்மலையும் கழட்டி நீட்டிட்டா. எவ்ளோ சொல்லியும் நம்பல."

"அதுக்கு?"

"மத்த வியாபாரிங்க மாதிரி ஒசத்திப் பேசினேன். உடனே சந்தேகம் வந்துடுச்சி. கம்மலை மாட்டிக்கினு அடுத்த மாட்டைப் பாக்கப் போயிட்டா."

கிருபாபாய் கயிற்றை வாங்கி மாட்டைக் கட்டினாள். பிறகு அங்கேயே முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, இந்த மனுஷன் சொன்ன பொய்ய மன்னிச்சிடும். அதைச் சொல்ல வெச்சதுக்கு ஸ்தோத்திரம்."