எழுத்து அழியாத சோப்பு

ஆஸ்பத்திரி வார்டின் வாஷ்பேசினில் ஒரு சோப்பு இருந்தது. வந்து ஒரு மாதமாகியும் தன் மேல் பொறித்த எழுத்து அழியவில்லை என்பதில் அதற்குக் கொஞ்சம் பெருமை. பக்கத்திலேயே கதவு.

"மூணாம் கட்டில் மாசிலாமணியோட புண்ணு எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் கேட்கலையாம்," என்றது கதவின் கைப்பிடி. "அதை அமுக்கிப் பார்த்த டாக்டர் இப்பத்தான் என்னைப் பிடிச்சுத் திறந்துட்டுப் போனார்."

"என்கிட்ட வரலையே?" என்றது சோப்பு.

"அடுத்த ரூம்ல ஏழாம் கட்டிலைப் பார்க்க அவசரமாம்."

ஏழாம் கட்டில் சவரிமுத்து நாலு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர். போகவில்லை. அவருக்கும் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. அதுவும் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை.

"அங்கேயும் வந்துடுச்சாம்," என்றது கைப்பிடி.

"நான் இங்கேயேதான் இருந்தேன்," என்றது சோப்பு.

அடுத்த வாரம் பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். இரண்டு பேரின் புண்ணில் போட்டிருந்த கட்டையும் விலக்கி, தொட்டுப் பார்த்தார். பிறகு வாஷ்பேசினை எட்டிப் பார்த்தார். சோப்பு புதுசாக மின்னியது.

"ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க," என்று பாராட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் திறந்து, சாப்பிடப் போனார்.