இன்றைய தேதி வரைக்கும்

முனைவர் பட்டப் பிரிவின் எழுத்தருக்கு அந்தப் பேராசிரியையைக் கண்டாலே எரிச்சல். ஓராண்டு நீட்டிப்புக் கேட்டு அவருடைய ஆய்வு மாணவி எழுதிய விண்ணப்பத்தை, போன வருடம் இதே கவுண்டரில் வைத்துக் கிழித்துப் போட்டவர் அவர். இன்று வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சீக்கிரம் சீல் போட்டுக் குடுங்க சார்."

"அப்படி என்ன மேடம் அவசரம்? விதிப்படி இன்னும் டைம் இருந்துச்சே. பாவம், பொண்ணு துரும்பா இளைச்சுப் போச்சு."

"நீங்க வேற! இவ போக்குல விட்டிருந்தா இன்னும் மூணு வருஷம் ஓட்டியிருப்பா."

'கல்நெஞ்சம்' என்று மனதுக்குள் திட்டியபடி எழுத்தர் கடைசிப் படிவத்தை நீட்டினார்.

"மாணவிக்கும் வழிகாட்டிக்கும் எந்த உறவும் இல்லைன்னு கையெழுத்துப் போடுங்க. சொந்தக்காரங்களா இருந்தா பட்டம் செல்லாது."

பேராசிரியையின் பேனா சற்றுத் தயங்கியது.

"இன்னிய தேதி வரைக்கும் இல்லைன்னாப் போதும்தானே?"

"தாராளமா."

கையெழுத்து விழுந்தது. அதன்மேல் முத்திரையும் விழுந்தது.

"அப்பாடா!" பேராசிரியை கவுண்டர் மேலேயே சாய்ந்துவிட்டார். "இந்த ஒரு சீலுக்காக என் பையன் ரெண்டு வருஷமாக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுட்டு உக்காந்திருக்கான் சார்!"

எழுத்தர் வாயைப் பிளந்தார். மாணவி மெல்ல, "கிளம்பலாமா மேடம்?" என்றாள்.

"இன்னும் என்னடி மேடம்? அத்தைன்னு கூப்பிடு!"