ஏழாம் படுகை

உச்சிவெயிலில் கழிவுநீர் நிலையத்தில், அள்ளுவதற்காகக் காயவிட்ட ஏழாம் படுகைச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு பூட்ஸ் தடம். மூன்று வாரத்துக்கு முன், மேலே பாலாடைபோல ஆடை கட்டியதைப் பார்த்துக் காய்ந்துவிட்டதென்று கால் வைத்த என் கணவருடையது. "இருபது வருஷ சர்வீஸு, இன்னும் சேத்துல கால விடுறீங்களே" என்று சிரித்தேன். மறுநாள் நெஞ்சுவலியில் போய்விட்டார். லோடர் உறுமுகிறது. "அள்ளிரலாமாக்கா?" என்கிறார் ஓட்டுநர். ஈரம் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு பிடி எடுத்து இறுக்குகிறேன். ஈரமிருந்தால் உருண்டையாக நிற்கும். விரலிடுக்கில் பொடி உதிர்ந்து காற்றோடு போகிறது. "இன்னும் காயலப்பா." அவர் பொடியைப் பார்க்கிறார், தடத்தைப் பார்க்கிறார். "ஆமாக்கா, சொதசொதன்னுதான் இருக்கு" என்று சொல்லி எஞ்சினை அணைக்கிறார்.