ஜன்னல் சீட்டு

அந்த வெள்ளை வேன் ரெங்கம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போதெல்லாம் அங்கம்மாவுக்கு வயிறு எரியும். ஜன்னலோரத்தில் சந்திரமதி, மடியில் மடித்த போர்வையோடு மகாராணி மாதிரி உட்கார்ந்து போவாள். போர்வை கேட்கிற அளவுக்கு ஏர்கோன்!

இரண்டு பேரும் ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள், ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவளுக்கு மட்டும் வாசலுக்கே வேன் வருகிறது. அங்கம்மாவோ திங்கள், புதன், வெள்ளி விடியலில் குளுவாங் பஸ்ஸுக்கு நின்று, மத்தியானம் தலை சுற்றச் சுற்றத் திரும்ப வேண்டும். போன மாதம் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். வேனுக்குப் பேர் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது, இடமில்லை என்றே சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சந்திரமதி எதிரே வந்தாள். அங்கம்மாவால் அடக்க முடியவில்லை.

"யாரக் கைக்குள்ள போட்டு அந்த சீட்ட வாங்குனே? சொன்னா நானும் போடுவேன்லா. காரும் இல்ல, கொண்டு விட ஆளும் இல்ல எனக்கு."

"யாரையும் இல்ல அங்கம்மா. முன்னால கருப்பாயி அக்கா அதுல இருந்தாங்க. அவங்க போனதும் எனக்குக் கெடைச்சிச்சு."

கருப்பாயி மகன் வீட்டோடு போயிருப்பாள் என்று அங்கம்மா நினைத்துக்கொண்டாள்.

"எனக்கப்புறம் உனக்குத்தான். பேசி வச்சிருக்கேன்," என்றாள் சந்திரமதி.

"நீ எப்ப எறங்கி, நான் எப்ப ஏற?"

சந்திரமதி சிரித்தாள். ரொம்பத்தான் பீற்றிக்கொள்கிறாள் என்று முணுமுணுத்தபடி அங்கம்மா நகர்ந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. வேன் ஓட்டும் செல்லப்பன்.

"அங்கம்மாக்கா, நாளைக்கு அஞ்சரைக்கு ரெடியா இருங்க. வாசலுக்கே வந்துர்றேன். ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்."

அங்கம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்தனை நாள் எரிச்சல், இன்றைக்குத்தான் குளிர்ந்தது.

"அப்ப சந்திராவ பின் சீட்டுக்குத் தள்ளிட்டீங்களா?"



"இன்னிக்கு மத்தியானம் தவறிட்டாங்கக்கா. டயாலிசிஸ் சென்டர் வேன்ல வேற எப்படி எடம் காலியாகும்?"